முப்பத்தெட்டரை டிகிரி

எங்கள் எருக்கலம்பாளையத்துப் பால் ஆறுவதை நிறுத்திக்கொண்டது மார்கழி ஐந்தாம் தேதி சாயங்காலக் கறவையில். நாற்பத்தொரு வீட்டுப் போசிப் பாத்திரங்களிலிருந்து பால் சொசைட்டித் தொட்டிக்குள் போன அறுநூற்றுச் சொச்சம் லிட்டர் பால், குளிர் மோட்டார் ராத்திரி முழுக்க ஓடியும், வெடியால மூடியைத் திறந்தபோது மாட்டு மடியின் சூட்டிலேயே, முப்பத்தெட்டரை டிகிரியில், லேசாக ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. பாலைச் சோதிக்கிற எங்கள் டெஸ்டர் குழந்தைவேலு தெர்மாமீட்டரை மூன்று தரம் உதறிப் பார்த்தான். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனான்.

தெர்மாமீட்டர் கெடவில்லை. புதுசு வந்தது, அதுவும் முப்பத்தெட்டரை சொன்னது. காங்கேயத்திலிருந்து மெக்கானிக் வந்து தொட்டியில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான், ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்தது. பாலை ஊற்றிப் பார்த்தான், பால் அப்படியே இருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று சொல்லி, ஒரு டம்ளர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினான்.

இது எதனால் வந்தது என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கிணற்றுத் தண்ணி என்றார்கள், புதுத் தீவனம் என்றார்கள், வடக்கே போட்ட காற்றாலை என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியது என்னிடம்தான் இருந்தது.

நான் சென்னியப்பன், மாட்டுத் தரகன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி, மிச்சத்தைச் சந்தையில் உதை வாங்கிப் படித்தேன். பல்லைப் பிடித்து வயசு சொல்லவும், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் விலை பேசவும், விற்கிறவன் கண்ணில் அவசரத்தைக் கண்டால் அவன் மாட்டையே குறை சொல்லவும் எனக்குத் தெரியும். அதனால்தான் கார்த்திகையில் பால் ஒன்றியத்து ஆய்வாளர் அமலோற்பவம் மேடம் வந்து, சுகாதாரமான பால் கறவைக்கு முப்பத்தொரு விதி என்று அச்சடித்த காகிதத்தைச் சொசைட்டிச் சுவரில் ஒட்டினபோது, ஊர் என்னைப் பிடித்து முன்னால் தள்ளியது.

"ஏனுங்க மேடம், கட்டுத்தரை பூராவும் சிமெண்டுத் தளம்னு போட்டிருக்கீங்க. மாடு வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சா நீங்களா வந்து தூக்குவீங்க?"

"தளம் வேண்டாம்னா அதுக்குப் பதிலா என்ன செய்வீங்க?" என்றார் அந்தம்மா.

இப்படிக் கேட்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்தோம், வெயில் சாய்கிறவரைக்கும் பேசினோம். மடியைக் கழுவி ஈரம் துடைக்கிறோம், முதல் நாலு பீச்சைக் கீழே விடுகிறோம், கட்டைவிரலை மடக்கிக் கறக்க மாட்டோம், கறக்கிறபோது வெற்றிலை போட மாட்டோம் என்று இதெல்லாம் கொடுத்தேன். தளத்துக்கு மட்டும் அவர் இறங்கவில்லை. கடைசியில் பேனாவை இருபத்திரண்டாவது விதியில் வைத்தார்.

"தோல்கன்னு. ஈ மொய்க்குது, புழு வைக்குது. ஊர்ல இருக்கிற அத்தனையையும் எடுத்துடுங்க. தளத்துக்கு ரெண்டு வருஷம் தர்றேன்."

கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்துவோம். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். அதுதான் தோல்கன்னு. சிமெண்டுக்கு வைக்கோல் என்றால் எவன் விடுவான்? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு மலிவாக எதையும் விற்று அவ்வளவு உசத்தியாக எதையும் வாங்கினதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மார்கழி ஐந்து மத்தியானம் ஒன்பது வீட்டுத் தோல்கன்றுகளையும் கல்லுக்குழியில் போட்டுக் கொளுத்தினோம். எட்டு வீட்டில் அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். பாவாத்தாள் மட்டும் விடவில்லை. அந்தக்கா புருஷனில்லாதவர், ஒரே மாடு, சிட்டு என்று பேர், அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. நான் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அவர் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, நடுவில் அந்தக் கன்று வைக்கோலை உதிர்த்துக்கொண்டு நின்றது.

"அது வெறும் வைக்கோல்தான், அக்கா!" என்று கத்தினேன்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு அந்த மாட்டுக்கிட்டப் போய்ச் சொல்லு, போ."

மாட்டிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் தோல்கன்று இல்லாமலே ஒன்பது மாடும் பால் விட்டன, கன்று உயிரோடிருந்த மாடுகளும் விட்டன, முதல் ஈற்று மாடுகளும் விட்டன. விட்ட பால் எல்லாமே ஒரே சூடு, ஒன்று கூட ஆறவில்லை.

அதற்கப்புறம் ஒன்றியத்து டேங்கர்காரன் தினமும் வந்து, மூடியைத் திறந்து, கையை வைத்துப் பார்த்து, குழாயைச் சுருட்டிக்கொண்டு போனான். நாலு டிகிரிக்கு மேல் இருக்கிற பாலை ஏற்ற அவனுக்கு உத்தரவில்லை. மாடு நிற்குமா? காலையிலும் சாயங்காலமும் பால் வந்துகொண்டே இருந்தது, அண்டா நிறைந்து, குடம் நிறைந்து, தண்ணீர்த் தொட்டி நிறைந்து, ஊர் அந்தச் சூட்டோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. கொதிக்க வைத்தால் கொதித்தது, இறக்கி வைத்தால் முப்பத்தெட்டரைக்கு வந்து நின்றுகொண்டது. ஃபிரிட்ஜில் வைத்தவர்கள் ஃபிரிட்ஜில் இருந்த தக்காளி அழுகினதைப் பார்த்து வெளியே எடுத்தார்கள். பாட்டிலில் அடைத்து முட்டிவலிக்காரர்கள் முட்டியில் கட்டிக்கொண்டார்கள், குஞ்சுக்கு வைத்த முட்டைக்கூடையில் ஒரு சொம்பை வைத்துவிட்டுக் கோழியை மேய அனுப்பினார்கள். மேலவளவில் ஏழாம் மாசத்தில் பிறந்த பெண் குழந்தையை இரண்டு பால் பாட்டிலுக்கு நடுவில் படுக்க வைத்தபோது அது முதல் முறையாக வாய்விட்டு அழுதது. பிள்ளையாருக்கு அந்தப் பாலில் அபிஷேகம் பண்ணினதில் கல் சூடேறிவிட்டது, மார்கழிக் குளிருக்குப் பெரியவர்கள் பிள்ளையாரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேப்பர் படித்தார்கள், பூசாரி இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் தானும் சாய்ந்தார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. இந்தச் சூட்டை எங்கே விற்பது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அமலோற்பவம் மேடம் வந்தார். ஒரு குழாயில் எங்கள் பாலை எடுத்து, அதில் நீலச் சாயம் ஒரு துளி விட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அழுக்குப் பாலாக இருந்தால் கிருமி அந்த நீலத்தைத் தின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் வெளுத்துப்போகும். நல்ல பாலில் அஞ்சு மணி நேரம் நிற்கும். எங்கள் பாலில் ஏழு மணி நேரம் கழித்தும் மயில் கழுத்து மாதிரி நின்றது. அந்தம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷத்துல இவ்வளவு சுத்தமான பாலை நான் பாத்ததில்ல."

"அப்ப எடுத்துக்குங்க!" என்றேன்.

"எடுக்க முடியாது. கறவை முடிஞ்ச ரெண்டு மணி நேரத்துல நாலு டிகிரிக்கு வந்தாகணும். வர்ற வியாழக்கிழமை மூணு மணிக்கு வருவேன். அப்பவும் இறங்கலேன்னா தொட்டிக்கு சீல். ஊர்ப் பேரைப் பட்டியல்லருந்து எடுத்துடுவாங்க. என் கையில இல்லீங்க."

தொட்டி போனால் பால் வாங்க ஆளில்லை. பால் போனால் மாடு போயாக வேண்டும், தின்னக் கொடுக்க எவனாலும் ஆகாது. நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் ஆளாளுக்கு என்மேல் பாய்ந்தார்கள். சிமெண்டே போட்டிருக்கலாம் என்றார்கள், தரகனைப் பேச அனுப்பினால் இப்படித்தான் என்றார்கள். "உங்களுக்காகத்தானடா பேசினேன், நன்றி கெட்டவனுங்களா!" என்று நானும் குதித்தேன். குதித்துவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பாலக்காட்டு மாட்டு லாரி வியாபாரி குட்டப்பனுக்குப் போன் பண்ணினேன். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டுரோட்டில் லாரி நிற்கட்டும், ஊர் மாடு பூராவும் ஒரே விலையில் வரும் என்றேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மழை வரும் என்று தெரிந்தால் எந்தத் தரகனும் கொடியில் கிடக்கிற துணியை முன்கூட்டியே எடுத்து வைப்பான், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க ஊர் பாலைக் குளிரவைக்கப் பாடுபட்டது. ஐஸ் பாளம் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றி அடுக்கினார்கள், பாளம் கரைந்தது. பாலைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள், கிணறு வெதுவெதுத்தது. ஒருத்தர் பாலிடம் கெஞ்சிப் பார்த்தார். புதன்கிழமையும் முப்பத்தெட்டரை.

வியாழக்கிழமை இரண்டரைக்கே ஊர் சொசைட்டி முன்னால் கூடிவிட்டது. அப்போது கூட்டுரோட்டிலிருந்து பாவாத்தாள் புல்லுக்கட்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். கட்டைத் தொப்பென்று என் காலடியில் போட்டார்.

"ஏஞ் சென்னியப்பா, கேரளா லாரி ஆறு நிக்குதே, எந்த ஊருக்கு வந்திருக்குது?"

எல்லாத் தலையும் திரும்பின. பொய் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வெளியே தள்ள முடியவில்லை.

"நாந்தான் வரச்சொன்னேன்."

"சீல் வெக்கறதுக்கு முன்னயே வித்துப்போட்டயா?"

"பேசித்தாங்க்கா வெச்சிருக்கேன்..."

"எங்கன்னுக்குட்டிய எரிச்ச, இப்பத் தாயையும் ஏத்தறயா? உனக்குக் கட்டுத்தரையில நிக்கறதெல்லாம் ரூவா நோட்டுத்தானா?" என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தரதரவென்று தன் கட்டுத்தரைக்கு இழுத்துப் போனார். என் கையை யாரும் இப்படி வெளிச்சத்தில் பிடித்ததில்லை. "வா, இன்னைக்கு நீ கற. கடைசிக் கறவை. கறந்துபோட்டு ஓட்டிக்கிட்டுப் போ."

சிட்டு வெறும் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. தோல்கன்று நின்ற இடத்தில் குழி மட்டும் இருந்தது, அதற்கு மேலே காற்றில், ஒரு கன்றின் முதுகு இருக்க வேண்டிய உயரத்தில், மாடு நாக்கை நீட்டி நீட்டி எடுத்தது. நான் ஆயிரக்கணக்கான மாட்டுக்கு மடியைத் தடவி விலை சொல்லியிருக்கிறேன், கறந்தது வயசுக் காலத்தில்தான். கையைக் கழுவி உட்கார்ந்தேன். முதல் நாலு பீச்சைக் கீழே விட்டேன். ஐந்தாவது என் மணிக்கட்டில் தெறித்தது. நேற்றைய பால் நிறைந்த அண்டா பக்கத்திலேயே இருந்தது, இன்னொரு கையை அதில் வைத்தேன். இரண்டு கையிலும் ஒரே சூடு. எது மாட்டுக்குள் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியவில்லை.

போசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடினேன்.

மேடத்தின் ஜீப் வந்து நின்றிருந்தது. டிரைவர் கையில் பூட்டும் அரக்கும். அந்தம்மா தொட்டி மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரை விட்டு, எடுத்துப் பார்த்தார். டிரைவரிடம் பூட்டுக்குக் கையை நீட்டினார்.

"மேடம், அந்த மீட்டரை எடுத்துக்கிட்டு எங்கூட வாங்க."

"ஐயா, பேசி இறக்கற விஷயமில்ல இது."

"இறக்கச் சொல்லலீங்க. ஒரே ஒரு எடத்துல வெச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன். அப்புறம் பூட்டுங்க, நானே அரக்கு உருக்கித் தர்றேன்."

வந்தார். ஊரும் பின்னாலேயே வந்தது. பாவாத்தாள் சிட்டுவின் மடியில் கையை வைத்திருந்தார். காம்பிலிருந்து விழுகிற பீச்சுக்குக் கீழே மேடம் தெர்மாமீட்டரைப் பிடித்தார்.

"முப்பத்தெட்டரை," என்றார்.

"இது கறந்த பாலுங்களா, கறந்துட்டிருக்கற பாலுங்களா?"

"கறந்துட்டிருக்கறது."

"இதுக்கு நாலு டிகிரி விதி உண்டுங்களா?"

"கிடையாது. கறவை முடிஞ்ச நேரத்துலருந்துதான் கணக்கு."

"அப்ப அண்டாவுல வையுங்க. தொட்டியில வையுங்க. பிள்ளையார் மேல வையுங்க. எங்க வெச்சாலும் மடிச்சூடு ஒரு புள்ளி குறையல. மாட்டை விட்டு எறங்கின பால் ஆறும் மேடம். இது இன்னும் எறங்கல. நீங்க ஏழு மணி நேரம் உக்காந்து பாத்தீங்களே, மடிக்குள்ள இருக்கற பால்லதானே நீலம் அப்படி நிக்கும்? எங்க கறவை மார்கழி அஞ்சாந்தேதி சாயங்காலம் ஆரம்பிச்சுதுங்க. இன்னும் முடியல."

வாழ்நாளெல்லாம் துண்டுக்கடியில் பேசினவன் ஊர் முழுக்கப் பார்க்க வெறுங்கையோடு நின்று பேசினால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடம் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார். சிட்டு காற்றை நக்கிக்கொண்டிருந்தது. அது நக்குகிற இடத்துக்குக் கீழே தோல்கன்று நின்ற குழியையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"கறவை முடிந்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார். "அதைக் காலியா விட எனக்கு அதிகாரம் உண்டு. ஆனா கறவை நடக்குதுன்னா, நடக்கற வரைக்கும் கறவை விதி அத்தனையும் உங்க மேல நிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கில்ல, ராப்பகல். சம்மதமா?"

"சொல்லுங்க."

"கறவை நடக்கற இடத்துல எச்சில் துப்பக் கூடாது, பீடி கூடாது, புகையிலை கூடாது. கை கழுவாம எதையும் தொடக் கூடாது. கறவை இடம்னா எது? கட்டுத்தரையா?"

"பால் எங்கெல்லாம் சூடா இருக்குதோ அங்கெல்லாம்னு எழுதிக்குங்க," என்றேன். "கிழக்க கொளம், மேக்க கல்லுக்குழி. மாடு மேயணுமில்லைங்க."

பின்னால் யாரோ வாயிலிருந்த வெற்றிலையை மெதுவாக விழுங்கினார்கள்.

"அப்ப தொட்டி, டேங்கர் எல்லாம் கறவைப் பாத்திரம். டேங்கர் டிரைவரும் கை கழுவணும், நான் சொல்லிடறேன்." எழுதிக்கொண்டே போனார். "பத்தொன்பதாவது விதி. கறவை முடியறவரைக்கும் மாடு கறவை இடத்தை விட்டுப் போகக் கூடாது. விற்பனைக்கும் சரி, வேற எதுக்கும் சரி. ஒரு மாடு கூட." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தரகர்தானே?"

அந்தம்மா பேரம் தெரிந்தவர். என் தொழில் முழுக்க அந்தப் பத்தொன்பதுக்குள் இருந்தது. இனி இந்த ஊரில் பல்லைப் பிடிக்கவும் வேலையில்லை, விரலைப் பிடிக்கவும் வேலையில்லை. கொஞ்சம் குறைத்துக் கேட்கலாமா என்று பழைய வாய் துடித்தது, கிழட்டு மாட்டுக்கு மட்டும் விலக்கு, காளைக்கன்றுக்கு மட்டும் விலக்கு என்று. பாவாத்தாள் மடியிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்றை எரித்த கணக்கில் இது எந்த மூலைக்கு?

"குறைக்க ஒண்ணுமில்லீங்க, எழுதுங்க," என்றேன்.

எழுதினார். கறவை தொடங்கிய நேரம், மார்கழி ஐந்து, மாலை ஐந்து மணி. முடிந்த நேரம், ஒரு சின்னக் கோடு. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து முதல் கையெழுத்தைப் போட்டேன். நாற்பத்தொரு வீடும் ஒவ்வொன்றாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து போட்டது. மேடம் கிளம்பும்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "கறவை முடிஞ்சா தகவல் சொல்லணும்," என்றார்.

"முடிஞ்சா சொல்லிவிடறோம்," என்றார் பாவாத்தாள்.

நாலரைக்குக் குட்டப்பன் ஆறு லாரியோடு ஊருக்குள்ளேயே வந்துவிட்டான். பாலக்காட்டிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் வந்த கோபம் அத்தனையும் அவன் முகத்தில் இருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி, ஊர் நடுவில் நின்று, "எடோ சென்னியப்பா! வாக்கு கொடுத்தல்லோ! எங்க மாடு? மாடெல்லாம் எங்கடா?" என்று தொண்டை கிழியக் கத்தினான். காறித் துப்பத் தலையைத் திருப்பினான்.

எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. என்னை 'டா' போட்டவன் எவனும் அந்த ஊரை விட்டு நேராக நடந்து போனதில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன், வாயைத் திறந்தேன். சுற்றிலும் கட்டுத்தரைகளில் மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆட்கள் ஈரக் கையோடு உட்கார்ந்து, கறந்துகொண்டே, என்னைப் பார்த்தார்கள். கறவை நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்பது ஏழாவது விதி.

வேட்டியை இறக்கிவிட்டேன். அவனிடம் போய், துப்ப வந்ததை அவன் வாயிலேயே நிறுத்தும்படி என் கழுவின கையை அவன் தோளில் வைத்து, எனக்கே கேட்காத குரலில், என் பெண்டாட்டி பிள்ளை கூடக் கேட்டிராத குரலில் சொன்னேன்:

"மெல்லப் பேசுங்க சேட்டா. கறந்துட்டிருக்கோம்."